மாஸ்டர் பிளான் தாங்குமா? அளந்து பார்க்க நான்கு வழிகள்

எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளானுக்கு 2026தான் கடைசி ஆண்டு. 2008 செப்டம்பரில் அரசு ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டம் 1,189 சதுர கிலோமீட்டருக்குப் போடப்பட்டது. மூன்றாவது திட்டத்துக்கான வேலையைத் தொடங்கிய கையோடு, 2022ல் பெருநகரப் பகுதியின் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணையும் போட்டார்கள். மாஸ்டர் பிளான் வரைவு என்றாலே குடியிருப்போர் நலச் சங்கம், மீனவர் சங்கம், கட்டுமான நிறுவனம், கல்லூரிப் பேராசிரியர் என்று ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். இந்தக் காலத்து வரைவு எதிலும் 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல் இல்லாமல் இருக்காது. அது வெறும் சொல்லா, திட்டத்துக்குள் உண்மையிலேயே இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பெரும்பாலும் நான்கு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, குறியீடுகளைப் பட்டியல் போட்டு மதிப்பெண் தருவது. இரண்டு, திட்டம் முழுமைக்கும் சேர்த்து முன்கூட்டியே சூழல் மதிப்பீடு செய்வது. மூன்று, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மக்களே வார்டு வார்டாக நடந்து சரிபார்ப்பது. நான்கு, போன திட்டம் என்ன ஆனது என்று தணிக்கை செய்வது. நான்கையும் உருப்படியாகச் செய்யப் பணமும் ஆளும் நேரமும் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. வளரும் நாட்டு நகரங்களில் அப்படி இருப்பதில்லை. எதை முதலில் செய்வது என்றால் நான் நான்காவதைச் சொல்வேன். இந்த நகரங்களில் திட்டம் மோசம் என்பதால் வந்த கேட்டைவிட, போட்ட திட்டத்தை யாரும் பொருட்படுத்தாததால் வந்த கேடு அதிகம். மற்ற மூன்று வழிகளும் திட்டம் அப்படியே நடக்கும் என்று நம்பிக்கொண்டு அளக்கின்றன.

மதிப்பெண் பட்டியல்

எல்லோருக்கும் பழக்கமானது இதுதான். நகரங்களுக்காக 2014ல் வந்த ஐஎஸ்ஓ 37120 தரநிலை, ஐநாவின் 11வது நீடித்த வளர்ச்சி இலக்கு, நம் மத்திய அரசின் 'வாழ எளிதான நகரங்கள்' குறியீடு எல்லாம் இந்த வகையில் சேரும். ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை சதுர மீட்டர் பசுமைப் பரப்பு, குப்பையில் எத்தனை சதவீதம் தரம் பிரிக்கப்படுகிறது என்று எண்களைச் சேர்த்து நகரங்களை வரிசைப்படுத்துவார்கள்.

இதில் ஒரு வசதி உண்டு. அதிகாரிக்கும் அமைச்சருக்கும் பத்திரிகைக்கும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். ஆனால் 2018ல் வந்த 'வாழ எளிதான நகரங்கள்' பட்டியலைப் பாருங்கள். 111 நகரங்களில் சென்னை 14வது, பெங்களூர் 58வது. அடுத்த பட்டியல் 2021 மார்ச்சில் வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூர் முதலிடம், சென்னை 4வது இடம். இரண்டுக்கும் நடுவில்தான் 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கிலும் சேர்த்து 11,257 மில்லியன் கன அடி பிடிக்கும். அந்த ஜூன் மாதம் நான்கும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ரேங்க் மட்டும் ஏறியிருக்கிறது.

கணக்கில் மோசடி என்று நான் சொல்லவில்லை. நடுவில் குறியீடுகள் மாறின, எடை மாறியது, மக்கள் கருத்துக் கணிப்பு சேர்ந்தது, நகரங்களை அளவு பார்த்துப் பிரித்தார்கள். அதனால் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுவதே சரியில்லை என்று வாதாடலாம், அது நியாயமும்கூட. ஆனால் அப்படி ஒப்பிட முடியாத ஓர் அளவுகோலை 20 ஆண்டுக்கான திட்டத்துக்கு வைத்து என்ன செய்வது?

இதைவிடப் பெரிய குறை வேறு. இந்தப் பட்டியல்கள் நகரத்தின் இன்றைய நிலையைத்தான் அளக்கின்றன, திட்டத்தை அல்ல. குடிநீருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவை எட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து வந்ததா, நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்ததா, அதற்கு எவ்வளவு மின்சாரம் போனது, ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் என்ன கட்ட அந்தத் திட்டம் அனுமதித்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை. குழாயில் வருவது போதாமல் லாரித் தண்ணீர் வாங்கும் குடும்பத்தின் செலவும் அதில் தெரியாது.

புறநகர் ஊராட்சிகளில் தரவே இல்லை என்பது இன்னொரு சிக்கல். மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்குள் ஓரளவு எண்கள் கிடைக்கும். வெளியே போகப் போக, பட்டியலை நிரப்புகிறவர் மாவட்டச் சராசரியை எடுத்துப் போடுவார். நகரம் அடுத்து வளரப்போவதே அங்கேதான்.

முன்கூட்டிய சூழல் மதிப்பீடு

கோட்பாட்டளவில் இதுதான் சரியான வழி. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாகச் சூழல் அனுமதி பார்ப்பதை விட்டுவிட்டு, திட்டம் போடும்போதே மொத்த விளைவையும் பார்த்துவிடுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2001ல் இதற்கு விதி கொண்டுவந்தது. சீனாவில் 2003லிருந்தும், வியட்நாமில் 2005ன் சுற்றுச்சூழல் சட்டத்திலும், இந்தோனேசியாவில் 2009ன் சட்டத்திலும் திட்டங்களுக்கு இது வந்துவிட்டது. இந்தியாவில் இல்லை. நம்முடைய 2006 சூழல் தாக்க அறிவிக்கை தனித்தனித் திட்டங்களுக்கானது; கட்டடம் என்றால் 20,000 சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் அதன் பிடிக்குள் வரும். மாஸ்டர் பிளானை யாரும் மதிப்பிட வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை.

இந்த இடைவெளியால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பார்க்கலாம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பிலிருந்து, ஏரிக்கு ஏரி வழிந்து வரும் மழைநீரெல்லாம் அந்தக் கழுவெளியில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. உள்ளே வர எத்தனையோ வழி, வெளியேற ஒரே வழி. நடுவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது. அதன் சூழல் அறிக்கை 'எங்கள் மனையில் மழைநீர் சேகரிப்பு உண்டு, கூடுதல் வெள்ளம் மிகக் குறைவு' என்று சொல்லும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த மனைக்காரரும் அதையே சொல்வார். 20,000 சதுர மீட்டருக்குக் கீழே நூற்றுக்கணக்கான கட்டடங்கள் எதுவுமே சொல்லாமல் வரும். எல்லாம் சேர்ந்து ஒக்கியம் மடுவில் எவ்வளவு தண்ணீரைத் தள்ளும் என்று கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. 2022ல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதைச் சுற்றியுள்ள தெருக்கள் மூழ்கின. 2025ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை சதுப்பு நிலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்றது. வரைபடத்தில் நிறம் அடிப்பதற்கு முன்பே கணக்குப் பார்த்திருந்தால், அங்கே வீட்டுக்கடன் வாங்கி முன்பணம் கட்டியவர்களுக்கு அந்தத் தலைவலி இருந்திருக்காது.

சரி, அப்படியென்றால் இதையே முதலில் செய்யலாமே? இரண்டு தயக்கம். முதலாவது, நேரம். தெற்கே வளர்ப்பதா, மேற்கே வளர்ப்பதா, இருக்கும் நகரத்துக்குள்ளேயே நெருக்கமாகக் கட்டுவதா என்ற மாற்று வழிகள் திறந்திருக்கும்போதே இதைச் செய்தால்தான் பயன். வரைவு வந்த பிறகு செய்வது ஒப்புக்குத்தான். சட்டம் உள்ள நாடுகளிலும் வழக்கமாகச் சொல்லப்படும் குறை இதுவே: திட்டம் முடிவான பிறகு ஒரு ஆலோசனை நிறுவனத்தை வைத்து அறிக்கை எழுதி, பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டாவது தயக்கம், இந்த மதிப்பீடு திட்டம் சொன்னபடி நடக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வரைபடத்தில் 'விவசாயம்' என்று பச்சை அடித்திருந்தால், அது 20 ஆண்டும் வயலாகவே இருக்கும் என்று எழுதிவிடும். செங்குன்றம் பக்கம் ஒரு நாள் சுற்றி வந்தவர் அதை நம்ப மாட்டார்.

வார்டு வார்டாக நடப்பது

இதற்கு மும்பைதான் நல்ல உதாரணம். 2034ஐ இலக்காக வைத்து 2015 பிப்ரவரியில் அந்த நகரத்தின் வளர்ச்சித் திட்ட வரைவு வந்தது. மக்கள் தங்கள் தெருவை வரைபடத்தில் தேடினார்கள். இருக்கும் கட்டடத்தின் மேல் சாலை போயிருந்தது, பாரம்பரியக் கட்டடங்களைக் காணோம், வழிபாட்டு இடங்கள் வேறு எதுவாகவோ குறிக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பு பெருகி, ஏப்ரலிலேயே முதலமைச்சர் அந்த வரைவைக் கிடப்பில் போட்டார். திருத்திய வரைவு 2016ல் வந்தது, ஒப்புதல் 2018ல். அந்தப் பிழைகளை எந்தக் குறியீட்டுப் பட்டியலும் கண்டுபிடித்திருக்காது.

நம்மூரிலும் இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை. 2008 திட்டத்தின் நில உபயோக வரைபடங்கள் கிராம வாரியாக சர்வே எண்ணோடு இருக்கின்றன. ஊருக்குப் பழைய ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், கலங்கல் எங்கே என்று கேளுங்கள். அங்கிருந்து உபரிநீர் போகும் கால்வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தால், கொஞ்ச தூரத்தில் அது ஒரு சிமெண்ட் வாய்க்காலாகச் சுருங்கும். அப்புறம் ஒரு காம்பவுண்டுச் சுவருக்குள் போய்க் காணாமல் போகும். அந்த இடத்தின் சர்வே எண்ணை மாஸ்டர் பிளானில் பார்த்தால் 'முதன்மைக் குடியிருப்பு' என்று இருக்கலாம். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கும். ஒரே நிலம், இரண்டு அரசு ஆவணம், இரண்டு பதில். புதிய வரைவு இதில் எதை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பகுதிக்காரர்களுக்கு அடுத்த வெள்ளம் பற்றிய கேள்வி.

ஆனால் யார் நடக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். வாடகைக்கு இருப்பவரும், விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும், வடமாநிலத் தொழிலாளியும் வர மாட்டார்கள். பேருந்து டிப்போவும் குப்பை தரம் பிரிக்கும் மையமும் ஏழைகளுக்கான அடுக்குமாடியும் நகரத்துக்கு வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், தங்கள் வார்டில் மட்டும் வேண்டாம் என்பார்கள். எத்தனையோ சங்கங்களின் ஆட்சேபணை மனுக்கள் இப்படித்தான் இருக்கின்றன. தவிர, ஒரு வார்டில் நின்றுகொண்டு 250 சதுர கிலோமீட்டர் நீரோட்டத்தைப் பார்க்கவும் முடியாது.

போன திட்டம் என்ன ஆனது?

இதற்கு வேண்டியவை பழைய திட்ட ஆவணம், செயற்கைக்கோள் படங்கள், அரசிதழ் அறிவிப்புகள். லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உண்டு, இலவசம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேரும், வருவாய்த் துறை ஆவணம் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

சென்னைக்கு எடுத்துப் பார்க்க இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதலாவது 1970களின் நடுவில் வந்தது. அது சொன்னதில் சில நடந்தன: கொத்தவால்சாவடியின் நெரிசலை வெளியேற்ற வேண்டும் என்பது 1996ல் கோயம்பேடு சந்தையாக நிறைவேறியது, 20 ஆண்டு தாமதத்தோடு. மறைமலை நகரும் மணலி புதுநகரும் வந்தன. 2008 திட்டம் பள்ளிக்கரணைச் சதுப்பு, செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தெற்குக் கடற்கரையோர நிலத்தடி நீரூற்றுப் பகுதி மூன்றையும் தனியே குறித்துக் கட்டுப்பாடு விதித்தது. ஆக, 'அறிவு இல்லாமல் திட்டம் போட்டார்கள்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு என்ன நடந்தது? இங்கேதான் தணிக்கை மூன்று வகைத் தவறுகளைப் பிரித்துக் காட்டும், மற்ற வழிகள் காட்டாது. முதல் வகை: திட்டம் சரி, பின்பற்றவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் திட்டத்தை இடையில் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு சர்வே எண், இன்னொரு சர்வே எண் என்று விவசாயம் குடியிருப்பாகிறது. ஒவ்வொன்றுக்கும் நாளிதழில் ஒரு சின்ன அறிவிப்பு வரும், யாரும் படிக்க மாட்டார்கள். அப்புறம் 113-ஏ, 113-சி பிரிவுகளில் விதி மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்தும் திட்டங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகத் தானம் எழுதித் தர வேண்டும்; அந்த ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் இப்போது பூங்காவாக இருக்கிறதா, கார் நிறுத்துமிடமாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாலே ஒரு நல்ல தணிக்கை. இந்த வகைத் தவறுக்குப் புதிய வரைபடம் மருந்தல்ல, மாற்றும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடுவதுதான் மருந்து.

இரண்டாம் வகை: பின்பற்றினார்கள், போட்டதே தவறு. பழைய மகாபலிபுரம் சாலையைத் தகவல் தொழில்நுட்ப வழித்தடமாக வளர்த்தது அரசின் தெரிந்த முடிவு. சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே வேலையையும் வீட்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூன்றாம் வகை: வளர்ச்சி திட்ட எல்லைக்கே வெளியே போனது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கார்த் தொழிற்சாலைகளாக நிரம்பியபோது 1,189 சதுர கிலோமீட்டர் வரைபடத்தில் அவை இல்லை. எல்லையை 5,904க்கு விரித்தது இதற்கான மருந்து. முதல் வகை நோய் தீராமல் எல்லையை மட்டும் விரித்தால், அதே 32(4) ஐந்து மடங்கு பரப்பில் வேலை செய்யும்.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது, பெரிய ஓட்டை. சொன்னபடி நடந்ததா என்று மட்டும் பார்த்தால், ஏரிக்குள் எழுந்த அடுக்குமாடியும் கூவம் கரையில் போட்ட குடிசையும் ஒரே நிறப் புள்ளிதான்; இரண்டும் 'மீறல்'. குடிசைக்காரருக்கு நகரத்துக்குள் இடமே ஒதுக்காத திட்டத்தின் குற்றம் அதில் தெரியாது. இடித்த பிறகு எங்கே அனுப்பினார்கள் என்பதும் தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் பள்ளிக்கரணையை ஒட்டிய தாழ்வான இடம், அங்கேயும் தண்ணீர் நிற்கும். கூடவே வேலையும் பள்ளியும் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயின. மீறலை அகற்றியதாக வரைபடத்தில் இது வெற்றியாகப் பதிவாகும். அதனால் தணிக்கை அட்டவணையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்: இதனால் யாருக்கு லாபம், யார் இடம் பெயர்ந்தார்கள்.

மக்களின் வருமானத்துக்கு எட்டுகிறதா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். ருவாண்டாவின் கிகாலிக்கு சிங்கப்பூர் நிறுவனம் போட்டுத் தந்த 2013 திட்டம் பார்க்க அழகானது. அந்த விதிப்படி வீடு கட்ட நகரவாசிகளில் பெரும்பாலோருக்கு வசதி இல்லை. 2020ல் திருத்தியபோது, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளவும் கலந்து பயன்படுத்தவும் இடம் விட்டார்கள். ஏழு ஆண்டில் திரும்பிப் பார்த்துத் திருத்தியது நல்ல விஷயம். நாம் 1970களில் ஒன்று போட்டு, 2008ல் அடுத்ததைப் போட்டோம். கோயம்புத்தூர் 1994 திட்டத்தை வைத்துக்கொண்டு 30 ஆண்டு ஓட்டியது.

யாருக்கு எது?

சங்கமாகவோ தன்னார்வக் குழுவாகவோ இருந்தால், உங்கள் பகுதி ஒன்றுக்கு மட்டும் பழைய திட்டத் தணிக்கை செய்யுங்கள், அதோடு ஒரு மழைக்காலத்தில் கால்வாயோரம் நடந்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆட்சேபணை மனுவில் சர்வே எண்ணும் ஆண்டும் இருக்கும், 'எங்கள் பகுதியைப் பாதுகாக்கவும்' என்ற பொதுவான வரிக்கு அவசியம் இருக்காது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 2008க்குப் பிறகு உங்கள் கிராமத்தில் நடந்த நில உபயோக மாற்றங்களின் பட்டியல்.

திட்டம் போடும் அமைப்பாக இருந்தால், தணிக்கையை முடித்துவிட்டு, சூழல் மதிப்பீட்டை எல்லாவற்றுக்கும் செய்ய முயலாமல் தண்ணீருக்கு மட்டும், ஆற்றுப் படுகை வாரியாகச் செய்வது நல்லது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் என நான்கு படுகைகள். ஒவ்வொன்றிலும் இன்னும் எவ்வளவு கட்டலாம் என்று ஒரு உச்சவரம்பு வந்தாலே போதும். 2015 வெள்ளம் பற்றிய தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை, வெள்ளச் சமவெளிகளை வரையறுக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றாததைக் குறையாகச் சொன்னது. அந்த வேலைக்கும் இது தொடக்கமாகும். நிதி தரும் வங்கிகள் மதிப்பெண் பட்டியலைக் கேட்கும், கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை வைத்து நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

ஒரே ஒரு சூழ்நிலையில் என் வரிசை தலைகீழாகும். புதிதாக எழுப்பும் நகரம் என்றால் திரும்பிப் பார்க்கப் பழைய திட்டம் கிடையாது. கிருஷ்ணா நதிக்கரையில் 217 சதுர கிலோமீட்டரில் வரையப்பட்ட ஆந்திரத் தலைநகர் அமராவதி அப்படிப்பட்டது. வெள்ளச் சமவெளி பற்றிய சண்டை அங்கே 2017ல் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது, ஆனால் அதற்குள் விவசாயிகளிடமிருந்து 30,000 ஏக்கருக்கு மேல் நிலம் திரட்டி முடித்திருந்தார்கள். அத்தகைய இடங்களில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்கு முன்பே சூழல் மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.